டவர் வேகன் முதல் நீலகிரி இன்ஜின் வரை: அரிய ரயில் வண்டிகளை அளவு மாதிரியாகச் செய்யும் முறை

கொங்குப் பகுதியில் ரயில் மாதிரிகளில் நாட்டம் கொண்டவர்கள் பெரும்பாலும் தொடங்குவது ஈரோடு மின்சார லோகோ ஷெட்டின் இன்ஜின்களிலும், கோவையிலிருந்து சென்னைக்குச் செல்லும் விரைவு வண்டிகளின் பெட்டிகளிலும்தான். அவை கண்ணுக்குப் பழகியவை. அவற்றுக்கு ஆயத்த மாதிரிகளும் ஓரளவு கிடைக்கின்றன. ஆனால் அதே ஈரோட்டிலும் சேலத்திலும் போத்தனூரிலும் பயணிகள் அதிகம் கவனிக்காத வேறு வண்டிகள் உண்டு. மேல்மின்கம்பியைச் செப்பனிடும் டவர் வேகன், தண்டவாளத்தின் அடியில் ஜல்லியை இறுக்கும் மஞ்சள் நிற டேம்பிங் இயந்திரம், விபத்து நிவாரண வண்டியின் கிரேன், சன்னல்களை அடைத்துக் கார் ஏற்றுவதற்கென மாற்றப்பட்ட பழைய பெட்டி, ஆட்கள் தள்ளிச் செல்லும் டிராலி ஆகியவை இல்லாமல் ஒரு நாள்கூட அந்த விரைவு வண்டிகள் ஒழுங்காக ஓடா. இவற்றை அச்சு வார்த்து விற்க நிறுவனங்கள் எளிதில் முன்வருவதில்லை. ஓர் இன்ஜின் மாதிரியை வாங்குபவர்களில் மிகச் சிலரே டவர் வேகனையும் கேட்பார்கள் என்பதும், அச்சுக்கு ஆகும் செலவு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதும் அதற்குக் காரணம். ஆகவே இவ்வகை வண்டிகள் நம் மேசையில் வேண்டுமென்றால் நாமேதான் செய்துகொள்ள வேண்டும். கத்தி பிடிக்கத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம். பொறுமையாக அளவெடுப்பதுதான் இதில் பாதி வேலைக்கும் மேல்.

எந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பது

உலக அளவில் விசித்திரமான ரயில் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. 1931-இல் பின்புறம் விமானத் தள்ளுவிசிறி பொருத்தி மணிக்கு 230 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட ஜெர்மனியின் ‘ஷீனன்செப்பலின்’, மலைப்பாதையில் செலவைக் குறைப்பதற்காகப் பழைய கார்களின் உடலைக் கொண்டு அமெரிக்காவில் கட்டப்பட்ட ‘கேலப்பிங் கூஸ்’ ஆகியவற்றை மாதிரியாளர்கள் விரும்பித் தேடுகிறார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் சிறு சக்கரங்களும் தரையில் ஒரு பெரிய சக்கரமுமாக ஓடிய பாட்டியாலா மோனோ ரயில் டெல்லியின் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவற்றையெல்லாம் செய்து பார்க்கலாம். ஆயினும் தொடக்கத்தில் நம் தடத்தில் ஓடும் வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. நேரில் போய்ப் பார்க்க முடிகிற வண்டியில் ஒரு ஐயம் எழுந்தால் மறுவாரமே தீர்த்துக்கொள்ளலாம். இணையத்தில் கிடைக்கும் நான்கு படங்களை வைத்துக்கொண்டு ஷீனன்செப்பலின் செய்பவர், ஐந்தாவது கோணத்தை ஊகித்துத்தான் ஆக வேண்டும்.

தேர்வில் இன்னொரு அளவுகோலையும் வைத்துக்கொள்ளலாம். அந்த வண்டி என்ன வேலை செய்கிறது என்பது வெளித்தோற்றத்திலேயே தெரிய வேண்டும். கூரைமேல் மேடையும் கைப்பிடிக் கம்பிகளும் இருப்பதால் டவர் வேகனின் வேலையை ஒருவர் கேட்காமலே புரிந்துகொள்வார். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பெட்டியாகத் தெரியும் வண்டிகளை, கை பழகிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அளவு விகிதம்: முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல்

இந்திய அகலப் பாதையின் தண்டவாள இடைவெளி 1676 மி.மீ. கடைகளில் கிடைக்கும், எச்.ஓ. எனப்படும் மாதிரித் தடமோ 16.5 மி.மீ. இடைவெளி கொண்டது, 1435 மி.மீ. அகலமுள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதையை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கியதால் வந்த அளவு அது. அதே 1:87 விகிதத்தில் நம் அகலப் பாதையைச் சுருக்கினால் 19.3 மி.மீ. வர வேண்டும். அதாவது நம் வண்டியை 1:87-இல் செய்து கடைத் தடத்தில் நிறுத்தினால், சக்கரங்கள் ஏறத்தாழ 2.8 மி.மீ. உள்ளொடுங்கியே நிற்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது இது தெரியாது. முன்னாலிருந்து பார்த்தால் பழகிய கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. வண்டி ஓட வேண்டும், நண்பர்களின் தடத்திலும் ஓட வேண்டும் என்றால் 1:87 உடலையும் 16.5 மி.மீ. சக்கரங்களையும் ஏற்றுக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. வண்டி அலமாரியில் நிற்கப் போகிறதென்றால், 19.3 மி.மீ. தடத்தை ஓரடி நீளத்துக்கு நீங்களே அமைத்துவிடலாம். சக்கர அச்சுகளைக் கடைந்து தருவதற்குக் கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறைகள் இருக்கின்றன. மூன்றாவது வழியைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. 1:100 விகிதத்தில் செய்தால் நம் பாதை 16.76 மி.மீ. ஆகிறது, கடைத் தடத்துக்கும் அதற்கும் கால் மில்லிமீட்டர்தான் வேறுபாடு. 1:100 என்பது கட்டடக் கலைஞர்கள் தங்கள் மாதிரிகளுக்குப் பயன்படுத்தும் விகிதம் என்பதால், அந்த அளவில் மனிதர்களும் மரங்களும் கார்களும் மாதிரிப் பொருள் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. தனியாகச் சிறு காட்சி அமைப்பவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். ஆனால் மற்றவர்களின் 1:87 பெட்டிகளோடு இதை இணைத்தால் உயர வேறுபாடு கண்ணை உறுத்தும். எந்த வழியானாலும் முதல் வண்டியிலேயே முடிவெடுத்துவிட்டு, பிறகு மாற்றாமலிருப்பது நல்லது.

நீலகிரி மலை ரயில் மீட்டர் பாதை என்பதால் அங்கே இந்தச் சிக்கல் ஏறத்தாழ இல்லை. 1000 மி.மீ. என்பது 1:87-இல் 11.5 மி.மீ.; சுவிட்சர்லாந்து மலைப்பாதைகளுக்காக விற்கப்படும் 12 மி.மீ. தடம் அதற்குப் போதுமான அளவு பொருந்திவிடும்.

அளவெடுத்தல்

தண்டவாளத்தில் இறங்கி டேப் பிடிக்க எண்ணவே வேண்டாம். அனுமதியின்றி ரயில்வே எல்லைக்குள் நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். அதைவிட முக்கியமாக, தலைக்கு மேல் ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. நீண்ட குச்சியோ கேமரா கம்போ உயர்த்திப் பிடித்தால் கம்பியைத் தொடாமலே உயிர் போகும். நடைமேடையிலிருந்து, உரிய சீட்டுடன், நிலையத்தில் கேட்டுக்கொண்டு படமெடுப்பதே முறை.

படத்திலிருந்து அளவைப் பெறுவதற்குத் தண்டவாளமே அளவுகோலாக உதவும். முதன்மைத் தடங்களில் ஒரு கிலோமீட்டருக்கு 1660 கான்கிரீட் ஸ்லீப்பர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள்) என்பது பரவலான அடர்த்தி. அப்படியானால் ஒரு ஸ்லீப்பரின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை ஏறத்தாழ 60 செ.மீ. எதிர் நடைமேடையில் நின்று, வண்டியின் நடுப்பகுதிக்கு நேராக, கேமரா சாயாமல், முடிந்தவரை தூரத்திலிருந்து ஜூம் செய்து ஒரு படம் எடுங்கள். கிட்டத்தில் நின்று அகலக் கோணத்தில் எடுத்த படத்தில் ஓரங்கள் வளைந்துவிடுவதால் அது அளவுக்கு உதவாது. படத்தைக் கணினியில் பெரிதாக்கி, வண்டியின் ஒரு முனைக்கு நேர் கீழேயுள்ள ஸ்லீப்பரிலிருந்து மறுமுனை வரை எண்ணினால் நீளம் கிடைத்துவிடும். ஸ்லீப்பரின் நீளம் 2.75 மீட்டர் என்பதால், அதன் முனை தண்டவாள நடுக்கோட்டிலிருந்து 1.375 மீட்டரில் இருக்கிறது. வண்டியின் பக்கச் சுவரோ ஏறத்தாழ 1.6 மீட்டரில். இரண்டும் கேமராவிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தொலைவில் இருப்பதால் பிழை மிகக் குறைவாகவே வரும்.

ஆயினும் இந்த ஓர் அளவை மட்டும் நம்பி வெட்டத் தொடங்கக் கூடாது. பக்கத் தடங்களில் ஸ்லீப்பர்கள் கிலோமீட்டருக்கு 1540 என இன்னும் இடைவெளி விட்டும் இருக்கலாம். அப்போது இடைவெளி 65 செ.மீ. ஆகிவிடும். சக்கரத்தின் விட்டத்தைக் கொண்டு சரிபார்க்கலாம்: சென்னை ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) வகைப் பெட்டிகளின் புதுச் சக்கரம் 915 மி.மீ.; சரக்கு வேகன்களில் பரவலாக 1000 மி.மீ. ஓடி ஓடித் தேய்ந்த சக்கரம் இதைவிடச் சிறிதாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். எல்லாவற்றையும்விட நம்பகமானது, அளவு தெரிந்த வேறொரு வண்டி அதே தடத்தில் பக்கத்தில் நிற்கும் படம்தான். நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகன் காப்ளிங்குக்குக் காப்ளிங் (இரு முனைகளின் இணைப்புக் கொக்கிகள் வரை) 10.713 மீட்டர், இருகூர், சங்ககிரி எண்ணெய்க் கிடங்குகளுக்கு வரும் பி.டி.பி.என். டாங்கி வேகன் 12.42 மீட்டர். டவர் வேகன் இவற்றில் ஒன்றின் அருகில் நிற்கும் வாய்ப்புக் கிடைத்தால், படமெடுக்காமல் நகர வேண்டாம். உயரத்துக்கு நடைமேடை உதவும்: உயர நடைமேடையின் மேற்பரப்பு தண்டவாளத்தின் தலையிலிருந்து 760 முதல் 840 மி.மீ. வரை இருக்கும்.

கிடைத்த அளவுகளைக் கட்டம் போட்ட தாளில் மாதிரியின் அளவிலேயே வரைந்துகொள்ளுங்கள். வரைபடத்தை ஓர் இரவு ஆறப்போட்டு, மறுநாள் படத்தோடு ஒப்பிட்டால், முதல் நாள் கண்ணில் படாத பிழைகள் தாமாகவே தெரியும்.

முதல் வேலை: கார் ஏற்றும் பெட்டி

தொடங்குவதற்கு என்.எம்.ஜி. எனப்படும் கார் ஏற்றும் பெட்டியே ஏற்றது. பயணச் சேவையிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட பயணிகள் பெட்டிகளின் இருக்கைகளை அகற்றி, சன்னல்களை அடைத்து, இரு முனைகளிலும் அகலக் கதவு வைத்து இவற்றை உருவாக்குகிறார்கள். கார்கள் ஒரு முனையில் ஏறிப் பெட்டி பெட்டியாக உள்ளேயே ஓட்டிச் செல்லப்படுகின்றன. ஐ.சி.எஃப். பெட்டியிலிருந்து வந்தது என்பதால் அடிப்படை அளவு உறுதியாகத் தெரியும்: நீளம் 21.337 மீட்டர், அகலம் 3.245 மீட்டர். 1:87-இல் அது 245 மி.மீ. நீளமும் 37.3 மி.மீ. அகலமும் ஆகும். சக்கரம் 10.5 மி.மீ.; 36 அங்குலச் சக்கரம் என்ற பெயரில் எச்.ஓ. அளவில் விற்கப்படுபவை இதற்கு அப்படியே பொருந்தும்.

பக்கச் சுவர்களுக்கு அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) தாள் சிறந்தது. அது கிடைக்காத ஊரில் மவுண்ட் போர்டு எனும் கெட்டி அட்டை போதும்; ஆனால் வெட்டிய உடனே இரு பக்கங்களிலும் அரக்கு வார்னிஷ் பூசிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால், ஐப்பசி மழையின் ஈரத்தில் அட்டை மறுபக்கமாக வளைந்துகொள்ளும். விளம்பரப் பலகைக்குப் பயன்படும் சன்போர்டு மலிவாகக் கிடைத்தாலும் அதன் வெட்டு முனை நுரை நுரையாக இருப்பதால், கதவு விளிம்புபோல் கூர்மை வேண்டிய இடங்களுக்கு உதவாது. தளத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பெட்டியின் அழகு முழுவதும் அடைக்கப்பட்ட சன்னல்களில்தான் இருக்கிறது. அவற்றைக் கோடு போட்டுக் காட்டினால் பெட்டி பொம்மையாகிவிடும். சில பெட்டிகளில் இரும்புத் தகடு சன்னல் சட்டத்துக்குள் பதிந்திருக்கும். சிலவற்றில் சட்டத்துக்கு மேலேயே ஒட்டுப்போட்டது போலப் பற்றவைத்திருக்கும். எது என்பதைப் படத்தில் நிழல் சொல்லும். வெயில் மேலிருந்து விழுகையில், சன்னலின் மேல் விளிம்புக்குக் கீழே உட்புறமாக நிழல் கோடு தெரிந்தால் தகடு உள்ளே பதிந்திருக்கிறது. தகட்டின் கீழ் விளிம்புக்கு வெளியே நிழல் விழுந்தால் அது மேலே ஒட்டப்பட்டிருக்கிறது. பதிந்த வகைக்கு, வெளித்தாளில் சன்னல்களை வெட்டிவிட்டு அதன் பின்னால் முழுத்தாள் ஒன்றை ஒட்டினால் போதும். ஒட்டிய வகைக்கு, 0.25 மி.மீ. தாளில் சிறு செவ்வகங்களை வெட்டி மேலே பதிக்க வேண்டும். பணிமனையில் கையால் செய்த வேலை என்பதால், உண்மையான பெட்டியிலும் தகடுகள் நூல் பிடித்தாற்போல் இருப்பதில்லை. ஒன்றிரண்டு தகடுகள் மயிரிழை சாய்ந்திருந்தால் மாதிரிக்கு உயிர் வரும்.

கூரைக்குக் குமிழ் மரத்துண்டு போன்ற இலேசான, இழைக்க எளிதான மரம் ஏற்றது. பெட்டியின் முனை வடிவத்தைத் தகட்டில் வெட்டி வைத்துக்கொண்டு, அதைக் கூரைமேல் நகர்த்திப் பார்த்துப் பார்த்து உப்புத்தாள் போட வேண்டும். நடுவில் தட்டையாகவும் ஓரங்களில் சட்டென்று வளைந்தும் இறங்குவது ஐ.சி.எஃப். கூரையின் தன்மை, முழுக் கூரையையும் ஒரே வில்லாக இழைத்துவிட்டால் வேறு நாட்டுப் பெட்டி போலாகிவிடும். மரத்தின் நார்கள் வர்ணத்துக்கு அடியில் தெரியாதிருக்க, பட்டி வைத்து இரண்டு முறை தேய்க்க வேண்டும்.

எடையைக் கவனிக்காமல் விட்டால் பெட்டி வளைவுகளில் தடம் புரளும். அமெரிக்க மாதிரியாளர் சங்கம் எச்.ஓ. அளவுக்குச் சொல்லும் பரிந்துரை, அடிப்படையாக ஓர் அவுன்சும், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சும் ஆகும். நம் கணக்கில் 28 கிராமும், அங்குலத்துக்கு 14 கிராமும். 245 மி.மீ. பெட்டிக்கு மொத்தம் சுமார் 165 கிராம் வேண்டும். மீன்பிடிக் கடையில் கிடைக்கும் ஈயக்குண்டுகளையோ இரும்பு வாஷர்களையோ தளத்தின்மேல், இரு போகிகளுக்கும் (பெட்டியின் அடியிலுள்ள சக்கரத் தொகுதிகள்) சரிசமமாகப் பகிர்ந்து ஒட்டலாம். ஈயத்தைத் தொட்டபின் கையைக் கழுவிவிட்டே உணவைத் தொட வேண்டும். தடத்தின் வளைவு ஆரம் பெட்டியின் நீளத்தைப் போல் மூன்று மடங்காவது, அதாவது 74 செ.மீ. அளவில் இருந்தால் இந்தப் பெட்டி இடறாமல் ஓடும்.

டவர் வேகன்

இந்த வண்டியை மாதிரியாக்கும் முன் அதன் காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மேல்மின்கம்பி அறுந்தோ தொய்ந்தோ போனால் அந்தப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் வேலை நடக்கும். அப்போது மின்சார இன்ஜினால் அங்கே போக முடியாது. ஆகவே டவர் வேகன் டீசலில் தானே ஓடுகிறது. இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை, நடுவில் தளவாடங்களுக்கும் ஊழியர்களுக்கும் இடம், கூரையில் உயரவும் பக்கவாட்டில் திரும்பவும் கூடிய வேலை மேடை, கம்பியின் நிலையைச் சோதிக்க, மேலெழுந்து அதைத் தொடும் ஒரு பாண்டோகிராஃப் சட்டம், மேல்நோக்கிய விளக்குகள் என்பவை அதன் உறுப்புகள். நான்கு சக்கரம் கொண்ட பழைய சிறு வகையும் எட்டுச் சக்கரம் கொண்ட பெரிய வகையும் உண்டு. மாதிரிக்கு நான்கு சக்கர வகையே என் விருப்பம். குட்டையான உடலின்மேல் அத்தனை தளவாடங்களும் நெருங்கி நிற்பதால் பார்க்கும் கண் அதிலேயே தங்கிவிடுகிறது.

உடல் செய்யும் முறை மேலே சொன்னதுதான். கடினமான பகுதி கூரையில் உள்ள கைப்பிடிக் கம்பிகள். 35 மி.மீ. குழாய் 1:87-இல் 0.4 மி.மீ. ஆகிறது. இதற்கு வெளியூரிலிருந்து பித்தளைக் கம்பி வரவழைக்கத் தேவையில்லை. மோட்டார் வைண்டிங் கடை இல்லாத தெரு கோவையில் அரிது. அங்கே 27 அல்லது 28 கேஜ் செப்புக் கம்பி கேட்டால் நாலு முழம் கொடுப்பார்கள். சுருளிலிருந்து வந்த கம்பி வளைந்தும் மெத்தென்றும் இருக்கும். அதன் ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைக் குறடால் பற்றி, சீராக இழுத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கம்பி சற்று நீண்டுகொடுப்பது கையில் தெரியும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இப்போது கம்பி நூல் பிடித்தாற்போல் நேராகியிருக்கும், முன்பைவிட விறைப்பாகவும் இருக்கும். மேற்பூச்சான எனாமலைப் பிளேடால் சுரண்டிச் செம்பு பளிச்சிடும்வரை எடுத்தால்தான் ஈயப்பற்று பிடிக்கும்.

கைப்பிடிகளைக் கூரையின் மேல் ஒவ்வொன்றாக நட்டுக் கட்ட முயல வேண்டாம். வரைபடத்தை ஒரு மரப்பலகையில் ஒட்டி, தூண்கள் வரும் இடங்களில் குண்டூசி அடித்து, நெடுங்கம்பிகளையும் தூண்களையும் அந்த ஊசிகளுக்கிடையே பிடித்து வைத்து, 25 வாட் சால்டரிங் இரும்பால் தொட்டுத் தொட்டுப் பற்றவைத்தால் முழுப் பக்கமும் ஒரே சட்டமாக வெளிவரும். தூண்களைக் கூரையின் மட்டத்துக்குக் கீழே 3 மி.மீ. நீளமாக விட்டால், கூரையில் துளையிட்டு அதில் செருகிக்கொள்ளலாம். பற்று வைக்கும்போது ஓர் இணைப்பில் வெப்பம் அதிகமாகிப் பக்கத்து இணைப்பு கழலாமலிருக்க, பக்கத்து இணைப்பின்மேல் நனைத்த பஞ்சைச் சிறிதளவு வைத்துக்கொள்ளலாம்.

வேலை மேடையைத் திரும்பும்படி செய்வது எளிது: மேடையின் அடியில் ஓர் ஆணியை நட்டு, கூரையில் பதித்த சிறு பித்தளைக் குழாயில் இறக்கினால் போதும். உயரும்படி செய்ய வேண்டுமானால் அதே குழாயை ஆழமாக வைத்து ஆணியை நீட்டமாக விடலாம். இறுக்கமாக இருந்தால் நிறுத்திய உயரத்தில் நிற்கும். காட்சிக்கு வைக்கும்போது மேடை பக்கவாட்டில் திரும்பி, இரண்டு ஊழியர்கள் தலைக்கவசத்துடன் நின்று, கம்பி அவர்களுடைய கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால் வண்டியின் வேலை முழுவதும் விளங்கும். மின்தொடர் கம்பி தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ 5.5 மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. மாதிரியில் அது 63 மி.மீ. பக்கத்தில் மின்கம்பம் ஒன்றையும் நட்டு, கம்பியில் பூமியிணைப்புக் கழியைத் தொங்கவிட்டால், மின்சாரத்தை நிறுத்திப் பாதுகாப்பு செய்த பிறகே வேலை நடக்கிறது என்பதை அறிந்தவர்கள் மகிழ்வார்கள்.

டிராலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தடம் சோதிக்கும் பொறியாளர் உட்கார்ந்திருக்க, ஆட்கள் தண்டவாளத்தின்மேலேயே ஓடித் தள்ளும் இந்தச் சிறு வண்டியை ஒரே மாலையில் செய்துவிடலாம். தேவையானவை நான்கு சிறு சக்கரங்கள், பலகைத் தளம், இருக்கை, சிவப்புக் கொடி, வெயிலுக்குப் பிடித்த குடை ஆகியவைதான். வண்டி வருவது தெரிந்தால் அதைத் தடத்திலிருந்து தூக்கி ஓரத்தில் வைத்துவிடுவார்கள்; தட மின்சுற்று ‘வண்டி இருக்கிறது’ என்று காட்டாதிருக்க அதன் சக்கரங்களில் மின்காப்பு உண்டு. ஆகவே அதைத் தண்டவாளத்தின்மேல் நிறுத்துவதைவிட, கீழே இறக்கி வைத்து ஆட்கள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்பதாக அமைப்பது இன்னும் பொருத்தம். நிவாரண வண்டியின் 140 டன் கிரேன் இதற்கு நேரெதிர். பல அச்சுகள், நீண்ட கை, கையைத் தாங்கும் துணை வேகன் என்று அது மாதக்கணக்கில் வேலை வாங்கும். கார் ஏற்றும் பெட்டியையும் டவர் வேகனையும் முடித்தவர்கள் மட்டும் அதில் இறங்கலாம்.

நீலகிரியின் எக்ஸ் வகை இன்ஜின்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும் அங்கிருந்து உதகைக்கு 1908-இலும் திறக்கப்பட்ட இந்தப் பாதை, 2005-இல் உலக மரபுச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது. கல்லாறு முதல் குன்னூர் வரை 12 அடிக்கு ஓரடி ஏறும் சரிவில், இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்சட்டம் ஓடுகிறது. அப்ட் முறை எனப்படும் இதில் இரண்டு பற்சட்டங்கள் அடுத்தடுத்து, ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வரும்படி பதிக்கப்பட்டிருக்கும். ஒரு பல் விடுபடும் நேரத்தில் இன்னொன்று பிடித்திருக்கும் என்பதே அதன் பயன். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் வடிவமைக்கப்பட்ட எக்ஸ் வகை இன்ஜினில் நான்கு இணைப்பு அச்சுகளும் ஒரு துணை அச்சும் உள்ளன; பக்கத்துக்கு இரண்டாக நான்கு உருளைகள். கீழ் உருளைகள் சாதாரணச் சக்கரங்களையும், அவற்றில் வேலை செய்து வெளியேறும் நீராவியை மீண்டும் பயன்படுத்தும் மேல் உருளைகள் பற்சக்கரங்களையும் இயக்குகின்றன.

ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இந்த இரட்டை உருளைகளும் அவற்றின் தண்டுகளும்தான் மாதிரியின் முகம். இவற்றுக்கு மட்டும் பித்தளையையோ ரெசின் முப்பரிமாண அச்சையோ நாட வேண்டும். அட்டையில் செய்தால் உருளையின் விளிம்புகள் மழுங்கிப்போகும். மேட்டுப்பாளையத்தில் வண்டி புறப்படுவதற்கு முன், இன்ஜின் அசையாமல் நிற்கும் நேரத்தில், இரு பக்கங்களையும் தனித்தனியே படமெடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கங்களின் குழாய்களும் ஒன்றுபோல் இரா.

மாதிரி இன்ஜின் தன் சக்கரப் பிடிப்பால் மட்டும் 1:12 சரிவில் பெட்டிகளைத் தள்ளி ஏறாது. சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்கென 12 மி.மீ. தடத்தில் பற்சட்டத்தோடு விற்கப்படும் இயங்குபகுதியை வாங்கி அதன்மேல் உடலைக் கட்டலாம், செலவு கூடும். நிலைக்காட்சி போதும் என்பவர்கள் 1.2 மீட்டர் பலகையை எடுத்து, ஒரு முனையை 10 செ.மீ. உயர்த்தினால் அதுவே கல்லாறு ஏற்றத்தின் உண்மையான சரிவு. இதில் தவறக் கூடாத செய்தி ஒன்று உண்டு: இன்ஜின் எப்போதும் சரிவின் கீழ்முனையில், மேட்டுப்பாளையம் பக்கம் இருந்து பெட்டிகளை மேல்நோக்கித் தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்காளர் கொடியோடு நிற்பார். பெட்டிகளுக்கு நீலமும் பால்மஞ்சளும். பின்னணிக்கு மலைக்காட்டை மட்டும் வைக்காமல், கல்லாறு பக்கத்துப் பாக்குத் தோப்பையும் சரிவின் அடியில் வைத்தால் இடம் எது என்பது ஐயமின்றித் தெரியும்.

வர்ணமும் எழுத்தும்

எல்லா மாதிரிக்கும் முதலில் சாம்பல் நிறப் பிரைமரை மெல்லிய இரண்டு பூச்சுகளாக அடிக்க வேண்டும். கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் தெளிப்பு டப்பா போதும். ஸ்டைரீனில் அது பரப்பைக் கரைக்கிறதா என்பதை ஒரு கழிவுத் துண்டில் பார்த்துக்கொண்டே பெட்டியில் அடிக்க வேண்டும். நிறத்தைப் பொறுத்தவரை, டவர் வேகன்கள் கோட்டத்துக்குக் கோட்டம் வேறுபடுவதால், நீங்கள் படமெடுத்த அந்த ஒரு வண்டியின் நிறத்தையே பின்பற்ற வேண்டும்.

எழுத்துகளில் பலருக்கும் வரும் தடை, வீட்டுப் பிரிண்டர் வெள்ளை மையை அச்சிடாது என்பதே. திருப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது தடையே அல்ல. பனியனுக்கும் லேபிளுக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் இடங்களில், மிக நெருக்கமான வலை போட்ட சிறு சட்டம் ஒன்றைச் செய்யச் சொல்லி, நீரில் நனைத்தால் நழுவி ஒட்டும் டெக்கால் படத்தாளில் வெள்ளையில் அடித்து வாங்கலாம். துணிக்குப் பயன்படும் அகல வலையில் 1 மி.மீ. எழுத்துகள் அடைத்துக்கொள்ளும், அதனால் வலையைப் பற்றி முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். சூட்டில் ஒட்டும் படலங்கள் தடிமனானவை, அவற்றை வாங்க வேண்டாம். வண்டி எண், கோட்டத்தின் பெயர், அடுத்த பராமரிப்புத் தேதி ஆகியவற்றைப் படத்தில் உள்ளபடியே அமைக்கலாம்.

கடைசியாக அழுக்கு. பிரேக் கட்டை தேய்ந்து வரும் தூள் போகிகளைச் செம்பழுப்பாக்கும். உடலின் கீழ்ப்பகுதியில் தடத்தின் புழுதி படியும். பல்லடம், சூலூர் பக்கத்துச் செம்மண்ணை மெல்லிய துணியில் சலித்து, உலர்ந்த தூரிகையால் மிகக் கொஞ்சமாகத் தடவி, மேலே மங்கல் வார்னிஷ் தெளித்தால் அது அங்கேயே பிடித்துக்கொள்ளும். சக்கரத்தின் ஓடும் பரப்பிலும் அச்சு முனையிலும் மண் படாமல் முன்கூட்டியே டேப் ஒட்டிவிட வேண்டும்.

மாதிரி முடிந்ததும் அதன் தளத்தின் அடியில் வண்டி எண், படமெடுத்த நிலையம், மாதம், ஆண்டு, விகிதம் ஆகியவற்றைச் சிறு தாளில் எழுதி ஒட்டுங்கள். வரைபடத்தையும் அளவுப் படங்களையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். இவ்வகை வண்டிகள் பழுதானால் அறிவிப்பின்றிக் கழிவுக்குப் போய்விடுகின்றன. அப்போது அதே வண்டியைச் செய்ய விரும்பும் இன்னொருவருக்கு உங்கள் வரைபடமே மூலமாக இருக்கும் என்பதால், அளவுகளை மாதிரியின் மில்லிமீட்டரில் மட்டுமன்றி, உண்மையான மீட்டரிலும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.